ஒரே ஹால், இரண்டு பந்தி

"வீடு சின்னதுங்க, அதான் யாரையும் சாப்பிடக் கூப்பிடறதில்ல." சென்னையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்கிறவர்கள் யாரும் கை இறுகியவர்கள் அல்ல. ஓட்டலில் பத்துப் பேருக்கு முகம் சுளிக்காமல் பில் கட்டுவார்கள். வீடு என்று வந்தால்தான் தயக்கம். டைனிங் டேபிளில் நான்கு நாற்காலி, சோபாவில் மூன்று பேர், அதற்கு மேல் ஆள் வந்தால் எங்கே உட்கார வைப்பது என்ற கணக்கிலேயே ஆசை அடங்கிப் போகிறது. அந்தக் கணக்கைத்தான் மாற்றிப் போடச் சொல்கிறேன். சின்ன வீட்டில் இடத்தைப் பங்கு போட முடியாது, நேரத்தைப் பங்கு போடலாம். நம் கல்யாண வீடுகள் காலங்காலமாகச் செய்துவருவது அதைத்தான். முதல் பந்தி, இரண்டாம் பந்தி.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், இரண்டாவது மாடியில். பத்திரத்தில் 600 சதுர அடி. படிக்கட்டு, லிஃப்ட், சுவர் என்று கழித்துப் பார்த்தால் கால் வைக்கக் கிடைப்பது 450. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் விலக வேண்டிய சமையலறை, வாஷிங் மெஷின் அடைத்துக்கொண்ட பால்கனி. இதில் நானும் மனைவியும் எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்குப் பந்தி போடுகிறோம். தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிடுவதெல்லாம் இல்லை. ஜமக்காளம் விரித்து, இலை போட்டு, பக்கத்தில் நின்று பரிமாறுகிற சாப்பாடு.

ஹால் 10க்கு 14 அடி. சம்மணம் போட்டு உட்காரும் ஒருவருக்கு அகலவாக்கில் இரண்டேகால் அடி வேண்டும். ஆளும் அவர் முன்னால் இலையுமாகச் சேர்த்தால் மூன்றேகால் அடி. எதிரெதிராக இரண்டு வரிசை போட்டால் ஆறரை அடி போய்விடும். நடுவில் வாளியோடு நடக்க இரண்டரை அடி. மொத்தம் ஒன்பது, பத்தடி அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. நீளவாக்கில் சோபா, டிவி ஸ்டாண்ட், வாசல் கதவு திறக்க இடம் எல்லாம் போக ஏழடி மிச்சம். வரிசைக்கு மூன்று பேர், பந்திக்கு ஆறு பேர். நாற்காலி போட்டால் இதே ஹாலில் ஆறு பேர் உட்காரலாம்தான், ஆனால் பரிமாற ஆள் நுழைய முடியாது. டேபிளையும் நாற்காலிகளையும் அன்று படுக்கையறைச் சுவரோரம் ஒதுக்கிவிடுவோம்.

முழங்கால் மடக்க முடியாதவர்கள் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். வயதானவர்கள் மட்டுமல்ல, நாற்பது வயதிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்குச் சோபாவும் முன்னால் ஒரு ஸ்டூலும். கீழே ஒரு இலை குறையும், அவ்வளவுதான். ஆனால் அதே வரிசையில், அதே நேரத்தில், அதே இலையில் சாப்பாடு. "பெரியம்மா, நீங்க உள்ளே டேபிள்லயே சாப்பிட்டுக்குங்க" என்று தனியாக ஓரங்கட்டுவது எனக்குப் பிடிக்காது. பேச்சு ஓடுவது ஹாலில், அவர் மட்டும் உள்ளே சுவரைப் பார்த்துச் சாப்பிட வேண்டுமா என்ன?

இந்தப் பழக்கம் எனக்கு ஆச்சி வீட்டில் வந்தது. பாளையங்கோட்டையில் நெடுக்க ஓடும் ஒடுக்கமான வீடு. பட்டாசல் என்கிற கூடத்தில் எட்டு இலைக்கு மேல் விழாது. ஆனாலும் கோயில் கொடை என்றால் அங்கே ஐம்பது பேர் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். "எய்யா, வீடு பத்தாதுன்னு யாரும் பசியோட போனதில்ல. பந்திக்குப் பந்தி எல எடுத்தா சரியாப் போச்சு" என்பாள் ஆச்சி. சென்னைக்கு வந்து இந்த ஃபிளாட்டை முதலில் பார்த்தபோது ஹால் அகலத்தைத்தான் கண்ணால் அளந்தேன்.

என்ன சமைப்பது என்பதைப் பந்திதான் தீர்மானிக்க வேண்டும். இது என் திடமான கருத்து. தோசை, பூரி, சப்பாத்தி மூன்றையும் விருந்தன்று தொடவே மாட்டேன். ஒவ்வொன்றாகச் சுட்டுப் போட வேண்டிய எந்தப் பலகாரமும் சமைக்கிறவரை அடுப்படியில் கட்டிப்போட்டுவிடும். விருந்தாளி வந்த வீட்டில் அவர்களோடு உட்கார்ந்து பேச முடியாமல் கல் முன்னால் வியர்த்துக்கொண்டு நிற்பதற்கா கூப்பிட்டோம்? வெளியில் பக்கெட் பிரியாணி வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு ரசமோ ஒரு பாயசமோ வீட்டில் செய்து சேர்த்துக்கொண்டால் அதுவும் நல்ல விருந்துதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்களுக்குச் சொதி.

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சாப்பாடு சொதி. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும்தான் அதன் உயிர். மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி எதுவும் விழாது. நிறம் இளவெள்ளையாக இருக்க வேண்டும். சோற்றில் ஊற்றிப் பிசைந்து, பக்கத்தில் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்துக்கொள்வது. தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக உட்காரும் என்பதால் இஞ்சித் துவையலை விட்டுவிட்டுச் சொதி வைக்க மாட்டார்கள். இரண்டு பர்னர் அடுப்பு உள்ள வீட்டுக்கு இதைவிடத் தோதான விருந்துச் சமையல் எனக்குத் தெரியவில்லை. குழம்பு, கூட்டு, அவியல் என்று தனித்தனியாக வைக்க வேண்டிய காயெல்லாம் ஒரே பாத்திரத்தில் வந்துவிடுகிறது.

பன்னிரண்டு பேருக்கு நல்ல முற்றிய தேங்காய் மூன்று, பெரிதாக இல்லாவிட்டால் நான்கு. துருவி அரைத்து முதல் பாலைக் கெட்டியாகப் பிழிந்து தனியே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். அதே சக்கையில் தண்ணீர் விட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால். சின்ன வெங்காயம், கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாவற்றையும் கொஞ்சம் எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, மூன்றாம் பாலில் வேக வைக்க வேண்டும். முக்கால் வேக்காட்டில் பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுது. பிறகு குழைய வேகாத, மலர்ந்த பாசிப்பருப்பு. அப்புறம் இரண்டாம் பால் ஊற்றி ஒரு கொதி. பாதி வேலை இத்தோடு நிறுத்தம்.

மீதிப் பாதி பந்திக்குத் தக்கபடி. முதல் பந்திக்கு இலை போட ஆரம்பிக்கும்போது இந்தக் கொதித்த சொதியில் சரிபாதியை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி அடுப்பில் வைப்பேன். நன்றாகச் சூடேறியதும் தீயைத் தணித்து, முதல் பாலில் பாதியை ஊற்றுவேன். ஓரத்தில் நுரை கட்டினால் போதும், உடனே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். இறக்கிய பிறகு சூடு சற்று அடங்கியதும் எலுமிச்சை பிழிந்து, நெய்யில் வறுத்த முந்திரியும் கறிவேப்பிலையும் சேர்த்தால் சொதி தயார். இரண்டாம் பந்திக்கும் இதே கதை. முதல் பால் சேர்த்த சொதியை மறுபடி கொதிக்க வைக்க முடியாது என்பதால், மொத்தத்தையும் ஒரேயடியாக முடித்து வைத்தால் பின்னால் உட்காருகிறவர்களுக்கு ஆறிப்போனதுதான் கிடைக்கும். பாதிப் பாதியாக முடித்தால் இரண்டு பந்திக்கும் ஆவி பறக்கும்.

சோறும் அப்படியே. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் ஆறு பேருக்கு 600 கிராம். குக்கரில் அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. எங்கள் 5 லிட்டர் குக்கர் அந்தக் கணக்கில் தாங்குவதும் ஏறக்குறைய இதே அளவுதான். முதல் பந்தி உட்கார்ந்ததும் இரண்டாவது குக்கரை ஏற்றிவிட வேண்டும். விசில் வந்து, ஆவி தானாக அடங்கி, மூடி திறக்க அரை மணி நேரம் ஆகும். ஒரு பந்தி மோர்ச் சோறு வரை வந்து எழுந்திருக்கவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

இஞ்சித் துவையலும் மோர்மிளகாயும் முதல் நாளே தயாராகிவிடும். துவையலில் தண்ணீர் படாமல் நல்லெண்ணெய் சேர்த்து அரைத்தால் கெடாது. பாயசம் காலையில் வைத்து ஃபிரிட்ஜுக்குள். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். சமைத்த சாப்பாட்டை வெளியே வெறுமனே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னை வெக்கையில், அதுவும் தேங்காய் சேர்ந்த பண்டத்தில், அது ரொம்பச் சரியான எச்சரிக்கை. சோறும் லேசுப்பட்டதல்ல. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால் மதியமே வடித்து மூடி வைக்கிற வேலை எங்கள் வீட்டில் கிடையாது. இடம் பற்றாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் இருக்கிறது. அங்கே தயிரையும் பாயசத்தையும் வைக்கக் கேட்பேன். அவர்களுக்கும் அன்று இலை உண்டு.

பன்னிரண்டு பேர் ஒரு சின்ன வீட்டில் இருந்தால் புழுங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. பன்னிரண்டு பேருக்கு 1,200 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது சுமார் 3,500 வாட். ஆட்களுக்கே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால், அடுப்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஃபேனை முழு வேகத்தில் வைக்கவும் முடியாது. இலை நுனி எழும்பும், அப்பளம் பறக்கும். எங்கள் ஏசி படுக்கையறையில்தான் இருக்கிறது. விருந்தாளிகள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே அதைப் போட்டுவிட்டு, அந்த அறையைத்தான் காத்திருக்கும் அறையாக ஆக்கியிருக்கிறோம். ஹாலில் ஜன்னலும் பால்கனிக் கதவும் திறந்திருக்கும், ஃபேன் பாதி வேகம், நுனி இலையின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர். மூன்றாவது அடுப்பாக இண்டக்ஷன் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2,000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் போடாதீர்கள். பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் போட்ட 16 ஆம்பியர் பாயிண்ட் அதற்குச் சரி. எங்கள் வீட்டு ரசம் கொதிப்பது அங்கேதான்.

பந்தி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது கல்யாண மண்டபத்தில் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்கும் கூட்டம். சாப்பிடுகிறவருக்கும் நிம்மதி இல்லை, நிற்கிறவருக்கும் மரியாதை இல்லை. வீட்டில் அது நேரவே கூடாது. இரண்டாம் பந்திக்காரர்கள் கண்ணெதிரே காத்திருக்காமல் இருக்க வேண்டும், அவர்கள் கையில் ஏதாவது இருக்கவும் வேண்டும். வந்தவுடன் சுண்டலும் பானகமும் எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம். பசி கொஞ்சம் அடங்கும். தை, மாசி என்றால் காத்திருக்கிறவர்கள் மொட்டை மாடிக்கே போய்விடலாம். அந்த மாதங்களில் மாடிக் காற்று ஏசியை ஓரங்கட்டிவிடும். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

யார் முதல் பந்தி என்பதில் எங்களுக்குக் குழப்பம் வந்ததில்லை. குழந்தைகள், பெரியவர்கள், தூரம் போக வேண்டியவர்கள், மாத்திரை போட வேண்டியவர்கள். ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு என்ற பழைய வழக்கத்தை மட்டும் நாங்கள் ஆச்சி வீட்டோடு விட்டுவிட்டோம். அந்த வழக்கத்தில் கடைசிப் பந்தி என்றால் அடுப்படியில் வெந்த பெண்களின் பந்தி. மிச்சம் மீதி, ஆறிய ரசம், கிழிந்த இலை. அம்மா அப்படிச் சாப்பிட்டதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

அதனால் இரண்டாம் பந்திக்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் பந்திக்கு நானும் மனைவியும் இரண்டாம் பந்தி ஆட்கள் ஒருவர் இருவரும் பரிமாறுவோம். இரண்டாம் பந்தியில் நாங்கள் இருவரும் உட்காருவோம். முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் எழுந்து வந்து எங்களுக்குப் பரிமாற வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் கூசுவார்கள். "நாங்க விருந்தாளிங்கல்ல?" என்பார்கள். சொதி வாளியைக் கையில் கொடுத்துவிட்டால் இரண்டு நிமிஷத்தில் அவர்களே, "இன்னொரு கரண்டி விடட்டா? என்ன இவ்வளவு கம்மியா சாப்பிடறீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அலுவலகத்தில் மீட்டிங்கைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத ஒருவர் என் மனைவியின் இலைக்கு முன்னால் குனிந்து, "அக்கா, அப்பளம் மறந்துட்டேன், இருங்க" என்று சமையலறைக்கு ஓடினதை நான் பார்த்தேன். அதற்கு முன் அவர் எங்களோடு அவ்வளவு இயல்பாகப் பேசியதே இல்லை. பெரிய டேபிளில் எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கிற வசதி இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை என்ற பெயரே பதற வைக்கும். ஆனால் அதன் முதல் பாதி ஒரு சின்ன வீட்டுச் சமையல். மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் மாதரி கொடுத்த இடம். கண்ணகிக்குச் சொந்த வீடு இல்லை, சொந்தப் பாத்திரம் இல்லை. மாதரி வீட்டார் கொடுத்த வெள்ளரியும் மாதுளங்காயும் மாம்பழமும் வாழைப்பழமும் சாலி அரிசியும் பாலும்தான் கையிருப்பு. மாதரியின் மகள் ஐயை கூட உதவுகிறாள். தரையில் நீர் தெளித்து, வாழையின் குருத்து விரித்து, கணவன் கோவலனைத் தவிசில் உட்கார வைத்துப் பரிமாறுகிறாள். வெற்றிலை பாக்கு வரை குறை இல்லை. புகார் மாளிகையில் வாழ்ந்தவள் அவள். அதே காதையில் கோவலனிடம் அவள் சொல்லும் குறைகளில் ஒன்று, அவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேறு தனக்கு இல்லாமல் போயிற்று என்பது. மாளிகை இருந்தும் விருந்து இல்லாத வருடங்கள் அவளுக்கு இழப்பு. இடம் போதாது என்பது அவள் சொன்ன குறைகளில் இல்லை.

இலைக்கு வருகிறேன். நுனி இலையானால் நுனி உட்காருகிறவரின் இடது கைப் பக்கம். முதல் நாள் வாங்கினால் ஈரத் துணியில் சுற்றி வைத்தால் வாடாது. இலைக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்கு ருசியும் வழக்கமும் மட்டும் காரணமில்லை. எங்கள் சிங்க்கில் ஆறு தட்டு நிமிர்ந்து நின்றால் குழாய் மறைந்துவிடும். பன்னிரண்டு தட்டு, இருபத்துநான்கு கிண்ணம் என்றால் இரண்டாம் பந்திக்கு முன்னால் கழுவியே ஆக வேண்டும். இலை என்றால் எடுத்து மடித்து, பால்கனியில் வைத்த சாக்கில் போட்டுவிடலாம். மறுநாள் காலையில் மக்கும் குப்பையாக அப்படியே போய்விடும்.

தண்ணீரும் மிச்சம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தபோது, வருகிறவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இருக்குமா என்ற பயத்திலேயே விருந்துகளைத் தள்ளிப்போட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. லாரித் தண்ணீரை வாளிக்கணக்கில் பகிர்ந்த அந்த மாதங்களுக்குப் பிறகு பாத்திரம் கழுவும் தண்ணீர் என் கண்ணில் வேறாகத்தான் படுகிறது. இப்போதும் ஒரு பந்திக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நான் தேய்ப்பது கரண்டிகளையும் டம்ளர்களையும் மட்டுமே.

இரண்டு பந்திக்கும் நடுவில் தரையைத் துடைக்கப் பத்து நிமிஷம் விட வேண்டும். ஜமக்காளத்தை உதறி, ஈரத் துணியால் ஒரு இழுப்பு, பிறகு உலர்ந்த துணியால் இன்னொன்று. டைல்ஸில் ஈரம் நின்றால் வாளியோடு வருகிறவர் வழுக்குவார். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இரண்டாவது சொதியில் முதல் பால் விழும். கீழ்வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டூல் இழுக்கும் சத்தமும் குழந்தைகள் ஓடும் சத்தமும் அவர்களுக்கு நேராகத் தலைக்கு மேல் கேட்கும். பத்து மணிக்குள் வெற்றிலை பாக்கு என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் சங்கடமில்லை.

போன தடவை வந்தவர்களில் ஒரு தம்பதி திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டையும்விடச் சின்ன வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து யாரையும் கூப்பிட்டதில்லை என்று சாப்பிடும்போது சொன்னார்கள். இந்த வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். "அண்ணே, எங்க ஹால்ல நாலு எலதான் விழும். மூணு பந்தியாப் போடலாம்னு இருக்கோம். இடியாப்பம் சாயங்காலமே பிழிஞ்சு வச்சுடலாம்ல?" வைக்கலாம், சூடு போகாமல் ஹாட்பாக்ஸில் வை என்றேன். கூடச் சொதி வைப்பதா குருமாவா என்று அரை மணி நேரம் பேசினோம். மூன்று பந்திக்கு முதல் பாலை மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று சொன்னதும், சொதியே வைப்பதாக முடிவாயிற்று. எங்கள் ஜமக்காளத்தைச் சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.